இளையோர் கால்பந்தில் ஆட்டப் பண்பு: உத்தி பிரித்தல் முதல் எலும்பு வயது வரை

ஆய்வுச்சுருக்கம்

இளையோர் கால்பந்தில் ஆட்டப் பண்பு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆடும் சிறுவர் சிறுமியரின் நடத்தையையே அளவிடுகின்றனர். களத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை யாரிடம் உள்ளது என்பதைப் பொறுத்தே அப்பண்பு வளர்கிறது அல்லது தேய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. தமிழ்ச் சிறுவர் விளையாட்டு வழக்குகள், கால்பந்து விதிகளின் வரலாறு, 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட், வயது முறைகேட்டுச் சிக்கல் ஆகியவற்றைக் கொண்டு இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டப் பண்பு, இளையோர் கால்பந்து, உத்தி பிரித்தல், நடுவர், வயது முறைகேடு, மாமல்லபுரம், செங்கல்பட்டு.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 29.11.2019 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் புதியது, ஆட்டம் புதியதன்று. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரையின் மீனவக் குப்பங்களில், கரையேற்றிய படகுகளுக்கும் அலைக்கும் இடைப்பட்ட மணற்பரப்பே மாலை நேரத்து ஆடுகளம். கோல் கம்பத்துக்கு இரு செருப்புகளோ குவித்த மணலோ போதும். கோடு கிடையாது, நடுவரும் கிடையாது. பந்து கம்பத்துக்கு உள்ளே சென்றதா, வெளியே சென்றதா என்பதைக் கூச்சலும் வாதமும் தீர்த்து வைக்கின்றன. சில நேரங்களில் எவரேனும் ஒருவர் ஒப்புக்கொண்டு விடுவதும் உண்டு.

இதே கரையில் மாமல்லபுரத்தை ஒட்டி எஃப்சி மெட்ராஸ் என்னும் உறைவிடக் கால்பந்துப் பயிற்சியகம் இயங்குகிறது. மாநில அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் கால்பந்து இடம்பெற்றுள்ளது. பள்ளி மாணவர் மாவட்ட அளவில் வென்று மாநில அளவுக்குச் செல்கின்றனர். ஆக, நடுவரே இல்லாத மணல், பயிற்றுநர் நாள் முழுவதும் உடனிருக்கும் பயிற்சியகம், நடுவரும் மேசை அலுவலரும் சான்றிதழும் சூழ்ந்த போட்டிக்களம் என மூன்று வகைச் சூழல்களில் ஒரே வயதினர் ஒரே ஆட்டத்தை ஆடுகின்றனர். இம்மூன்றில் எதில் ஆட்டப் பண்பு உருவாகிறது என்னும் வினாவுக்கு விடை எளிதுபோல் தோன்றும். ஒழுங்கும் கட்டுப்பாடும் மிகுந்த இடத்தில்தான் என்பது பலர் சொல்லும் விடை. அவ்விடையை ஐயுறுவதற்குக் காரணங்கள் உள்ளன.

சொல்லும் வழக்கும்

‘விளையாட்டு உணர்வு’, ‘விளையாட்டுப் பண்பு’ என்று நாளிதழ்களும் பாடநூல்களும் எழுதுகின்றன. இவை பெரியோர் ஆக்கிய மொழிபெயர்ப்புச் சொற்கள். பரிசளிப்பு மேடையில் ஒலிப்பவை. சிறுவரின் நாவில் இவை வழங்குவதில்லை. அவர்களிடம் உள்ளவை அழுகுணி ஆட்டம், கள்ளாட்டம், போங்காட்டம் என்னும் சொற்கள். மூன்றும் ஒன்றல்ல. பிறர் காணாதவாறு விதியை மீறுவது கள்ளாட்டம். தோற்கும் நிலை வந்ததும் சண்டையிட்டு ஆட்டத்தைக் குலைப்பது, ஆட்டமிழந்த பின்னும் இல்லையென்று சாதிப்பது அழுகுணி ஆட்டம். சென்னை வட்டாரத்துப் பேச்சு வழக்கான போங்காட்டம் இவ்விரண்டையும் தழுவியது. பெரியோரின் சொல் பண்பைப் பெயரிட, சிறுவரின் சொற்கள் பிழையைப் பெயரிடுகின்றன. அதற்குரிய தண்டனையும் அவர்கள் கையிலேயே இருந்தது: நாளை உன்னை ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்பதே அது.

தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ (1954) முதலாகச் சிறுவர் விளையாட்டுகள் தொகுக்கப்பட்டு வந்துள்ளன. ஆட்டங்களின் பெயரும் ஆடும் முறையும் கவனம் பெற்ற அளவுக்கு, ஆட்டம் தொடங்கும் முன் நிகழும் ஏற்பாடுகள் கவனம் பெறவில்லை. அவற்றுள் முதன்மையானது உத்தி பிரித்தல். சடுகுடு போன்ற குழு ஆட்டங்களில் ஏறக்குறைய ஒத்த வலிமையுள்ள இருவர் தோள்மேல் கைபோட்டுத் தனியே சென்று, தமக்குள் இரு பெயர்களைச் சூட்டிக்கொள்வர். ஒருவன் சூரியன், மற்றவன் நிலா என்பதுபோல. பின்னர் இரு தலைவர்களிடமும் வந்து எது வேண்டும் எனக் கேட்பர். தலைவன் பெயரைத் தேர்வான். ஆள் யாரென அவனுக்குத் தெரியாது.

இவ்வழக்கில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. இணையும் இருவரும் தம்மை ஒத்த வலிமையினர் எனத் தாமே மதிப்பிட வேண்டும்; ஆகவே ஒவ்வொருவரும் தம் திறனை நேர்மையாக எடைபோட வேண்டிய கட்டாயம் எழுகிறது. தலைவனோ நல்ல ஆட்டக்காரரை எல்லாம் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள இயலாது. அணிகள் சமநிலை பெறுவது எவருடைய நல்லெண்ணத்தாலும் அன்று, முறையின் அமைப்பினால். இதைப் பெரியவர் எவரும் கற்பித்ததாகவோ கண்காணித்ததாகவோ தெரியவில்லை.

‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பது மற்றொரு ஏற்பாடு. அக்காளுடன் வந்த நான்கு வயதுத் தம்பியை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வர். அவன் பிடிபட்டாலும் கணக்கில் வாராது. உடற்குறையைச் சுட்டும் அச்சொல் இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும், வலியோர்க்கு ஒரு விதியும் எளியோர்க்கு மற்றொரு விதியும் ஒரே ஆட்டத்தில் அமையலாம் என்னும் அதன் கருத்து, இன்றைய இளையோர் விளையாட்டுக் கல்வி பெருமுயற்சியுடன் கண்டடைய முயலும் ஒன்றாகும்.

இவ்வழக்குகளைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. உத்தி பிரிப்பதற்கு முன்னரே, யார் இந்தத் தெருவில் ஆடலாம் என்பதைச் சாதி பிரித்து வைத்திருந்தது. பூப்பெய்திய பெண் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டாள். உள்ளே இருந்தவர்களுக்குள் மட்டுமே அந்த நியாயம் செல்லுபடியாயிற்று. இக்குறையைச் சொல்லாமல் மரபைப் போற்றும் கட்டுரைகள் பல உள.

தோல்வியை மதிக்கும் மனநிலைக்குப் புறநானூற்றின் வெண்ணிப் போர்ப் பாடல்கள் தமிழ் மாணவர் அறிந்த சான்று. கரிகாலனிடம் தோற்று, முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். வெண்ணிக்குயத்தியார் தம் பாடலை (புறம். 66) வென்ற கரிகாலனை நோக்கியே பாடுகிறார், ஆயினும் தோற்றவனே மேலானவன் என்பது அதன் கருத்து. போர் விளையாட்டன்று, இவ்வொப்புமையை ஓர் அளவுக்குமேல் நீட்டுதல் கூடாது. இங்கு நமக்கு வேண்டுவது ஒன்றே. வெற்றி ஓரிடத்திலும் மேன்மை வேறோரிடத்திலும் இருக்கக்கூடும் என்று வென்றவனின் முகத்துக்கு நேரே சொல்ல இடமிருந்தது. கல்லாமை அதிகாரத்தின் முதற்குறள், நூலறிவின்றி அவையில் பேசுவதற்குக் கட்டம் வகுக்காமல் வட்டாடுவதை உவமை கூறுகிறது. ஆட்டத்துக்கு முன் களம் வகுக்கப்பட வேண்டும் என்பது எல்லோர்க்கும் தெரிந்த செய்தியாக இருந்தால்தான் அவ்வுவமை பொருள் தரும்.

நடுவர் களத்துக்குள் வந்த வரலாறு

இங்கிலாந்தில் 1863ஆம் ஆண்டு கால்பந்துச் சங்கம் தோன்றி விதிகளை வகுத்தபோது, இன்று நாம் அறிந்த நடுவர் இல்லை. பூசல்களை இரு அணித்தலைவர்களும் பேசித் தீர்த்தனர். பின்னர் அணிக்கு ஒருவராக இரு தீர்ப்பாளர் அமர்த்தப்பட்டனர். ஆடுவோர் முறையிட்டால் மட்டுமே அவர்கள் தீர்ப்பளித்தனர். அவர்கள் உடன்படாதபோது முடிவு சொல்லவே களத்துக்கு வெளியே ஒருவர் இருந்தார். 1891ஆம் ஆண்டு அவர் முழு அதிகாரத்துடன் களத்துக்குள் வந்தார்; பழைய தீர்ப்பாளர் இருவரும் கோட்டு நடுவர் ஆயினர். பெனால்டி உதை அறிமுகமானதும் அதே ஆண்டில்தான்.

1882இல் தொடங்கிய கொரிந்தியன் என்னும் பயில்முறைக் குழுவினர் பெனால்டியைத் தமக்கு இழைக்கப்பட்ட இழிவாகக் கருதினர். பண்பாளர் வேண்டுமென்றே தவறிழைப்பார் என எண்ணுவதே குற்றம் என்பது அவர்தம் வாதம். தமக்குக் கிடைத்த பெனால்டியை வெளியே உதைத்தனர் என்றும், எதிரணி உதைக்கும்போது அவர்களுடைய கோல்காப்பாளர் கம்பத்தருகே ஒதுங்கி நின்றார் என்றும் சொல்லப்படுகிறது. இதைக் கேட்டு வியப்போர், ஊதியம் பெறாது ஆடுவதே உயர்வு என்னும் அவர்களின் கொள்கை உழைக்கும் மக்களை ஆட்டத்துக்கு வெளியே நிறுத்தியதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அதன்பின் வந்த மாற்றங்கள் ஒரே திசையில் சென்றன. 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்தன. 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் காணொளி உதவி நடுவர் முறை வந்தது. ஆட்டம் தொடர்பான உண்மைகளில் நடுவர் முடிவே இறுதியானது என்பது இன்று ஐந்தாம் விதி. தீர்ப்பு ஆடுபவரின் மனத்திலிருந்து தலைவருக்கும், தலைவரிடமிருந்து நடுவருக்கும், நடுவரிடமிருந்து படக்கருவிக்கும் நகர்ந்தது. தொழில்முறை ஆட்டத்துக்கு இது தேவையாக இருக்கலாம். ஆனால், பத்து வயதுச் சிறுமி முதன்முதலாகச் சீருடை அணியும்போது அவள் பெறுவது, தீர்ப்புச் சொல்லும் வேலை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்ட ஓர் ஆட்டம். பந்து தன் கையில் பட்டதா என்பது அவளுக்கு ஐயமறத் தெரியும். அவ்வறிவுக்கு ஆட்டத்தில் இடமில்லை.

இடமுண்டு என்று காட்டிய நிகழ்வுகள் அரியவை. 2012இல் இத்தாலியில் நாப்போலி அணிக்கு எதிரான ஆட்டத்தில் லாசியோ அணியின் மிரோஸ்லாவ் குளோசா, தாம் அடித்த கோல் கையில் பட்டுச் சென்றது என நடுவரிடம் ஒப்புக்கொண்டார். நடுவர் தம் முடிவை மாற்றிக் கோலை நீக்கினார். லாசியோ அவ்வாட்டத்தில் தோற்றது. இச்செய்தி உலகெங்கும் பரவியது. ஓர் ஆட்டக்காரர் உண்மை சொன்னார் என்பது செய்தியாகிறது என்றால், அது எவ்வளவு அரிதாகிவிட்டது என்பதையும் சேர்த்தே அச்செய்தி சொல்கிறது.

மாமல்லபுரம், 2022

கால்பந்துக்கு வெளியே ஒரு சான்றை இதே கரையிலிருந்து காண்பது பயனுடையது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்தன. வேட்டி சட்டை அணிந்து கைகூப்பிய குதிரைக்குத் ‘தம்பி’ என்று பெயரிட்டிருந்தனர். (சதுரங்கப்பட்டினத்துக்கு அண்மையிலேயே இப்போட்டி நடந்தது தற்செயல்தான், ஆயினும் இனிய தற்செயல்.)

பொதுப்பிரிவில் தங்கம் வென்றது இளைஞர் நிறைந்த உஸ்பெகிஸ்தான் அணி. இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம் பெற்றது; குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், ரௌனக் சாத்வானி ஆகிய இளையோருடன் அதிபனும் அவ்வணியில் இருந்தார். 16 வயதுக் குகேஷ் முதல் எட்டுச் சுற்றுகளையும் வென்றிருந்தார். பத்தாம் சுற்றில் 17 வயது அப்துசத்தோரவை எதிர்த்து மேலான நிலையிலிருந்து பிழை செய்து தோற்றார். இரு அணிகளுக்கும் இடையிலான அப்போட்டி 2–2 என முடிந்தது. தங்கத்தின் திசையை மாற்றிய தோல்வி அது எனப் பலரும் எழுதினர். மறுநாள் அவர் மீண்டும் முதற்பலகையில் அமர்ந்து ஆடினார். 11 ஆட்டங்களில் 9 புள்ளிகளுடன் முதற்பலகைக்கான தனிநபர் தங்கத்தையும் பெற்றார். 2024 டிசம்பரில் அவர் உலக வாகையர் ஆனது அனைவரும் அறிந்ததே.

இங்கு குகேஷின் தனிப்பண்பைப் புகழ்வது நோக்கமன்று. அவரைச் சூழ்ந்திருந்த விதிகளே கருதற்குரியவை. சதுரங்கத்தில் தோற்பவர் தம் தோல்வியைத் தாமே அறிவிக்கலாம்; உயர்நிலை ஆட்டங்களில் பெரும்பாலான தோல்விகள் அவ்வாறே முடிகின்றன. ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஆட்டக்குறிப்புத் தாளில் முடிவை எழுதிக் கையொப்பமிட வேண்டும். தோற்ற பதினாறு வயதினன் தன் தோல்வியைத் தன் கையால் எழுதுகிறான். காயை ஆடும் எண்ணத்துடன் தொட்டால் அதையே நகர்த்த வேண்டும் என்னும் விதியும் அத்தகையது. தொட்டது தவறு என்று உணர்ந்த பின்னும் ஆடியாக வேண்டும். அணித்தலைவருக்கோ பயிற்றுநருக்கோ ஆட்டத்தின் நடுவே பேச ஏறத்தாழ உரிமையே இல்லை. சமன் கேட்கலாம், ஏற்கலாம், விட்டுக்கொடுக்கலாம் என்ற அளவில் சுருக்கமாகச் சொல்லலாமேயன்றிப் பலகையில் உள்ள நிலை பற்றி ஒரு சொல்லும் கூறலாகாது. சிறுவர் சதுரங்கப் போட்டிகளில் ஆட்டம் தொடங்கியதும் பெற்றோர் அரங்கைவிட்டு வெளியேற்றப்படுவது வழக்கம்.

சதுரங்கம் ஆடுவோர் கால்பந்து ஆடுவோரைவிட நல்லவர் என்பது இதன் பொருளன்று. சதுரங்கத்திலும் ஏமாற்று உண்டு. அரங்க வாயிலில் மின்னணுக் கருவிச் சோதனை நடப்பது அதனால்தான். பெரியோர் பேச்சை நிறுத்தி, முடிவைச் சிறுவரின் கையெழுத்தில் பெறும் ஏற்பாடு அங்கு உள்ளது, கால்பந்தில் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

எல்லைக்கோட்டுக்கு வெளியே

இக்கட்டுரையாளர் பார்வையாளராக இருந்த, பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பள்ளி ஆட்டம் ஒன்றில் பந்து பக்கக்கோட்டைக் கடந்தது. கடைசியாகத் தொட்டவன் யாரென நடுவர் தயங்கினார். ஒரு சிறுவன் தன் காலில்தான் பட்டது எனக் கை உயர்த்தினான். அவனுடைய பயிற்றுநர் வெளியிலிருந்து கத்தினார்: “டேய், அதை ரெஃப்ரி பாத்துக்குவாரு. நீ எதுக்குக் கை தூக்குற?” அவர் தீயவர் அல்லர். மாணவர்க்குத் தம் செலவில் காலணி வாங்கித் தருபவர் என அருகிலிருந்தோர் கூறினர். அந்த ஆட்டம் முடியும் வரை அச்சிறுவன் மறுமுறை கை உயர்த்தவில்லை.

கால்பந்து விதிகள் இத்தகைய நிலையை அறியாதவையல்ல. பயிற்றுநர் நிற்கும் பகுதி இருக்கைகளுக்கு இருபுறமும் ஒரு மீட்டர், பக்கக்கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பு வரை என வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உத்திகளைச் சொல்லலாம். 2019 முதல் அணி அலுவலர்க்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் காட்டலாம். தவறிழைத்தவர் யாரென அறிய இயலாவிடில் அங்குள்ள மூத்த பயிற்றுநரே அத்தண்டனையை ஏற்க வேண்டும். இவை அனைத்தும் விதிநூலில் உள்ளன. கயிற்றுக்கு அப்பால் நின்று கத்தும் தந்தையோ விதிநூலுக்கு வெளியே நிற்கிறார்.

வேறு நாடுகள் இதற்கு வழி தேடியுள்ளன. ஜெர்மனியின் ஆகன் வட்டாரத்தில் ரால்ஃப் குளோர் என்பவர் தொடங்கிய சிறுவர் கால்பந்து முறையில் நடுவர் இல்லை; சிறுவரே முடிவு செய்கின்றனர். இரு பயிற்றுநரும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்க, பெற்றோர் ஏறக்குறைய 15 மீட்டர் தள்ளி நிற்கின்றனர். ஜெர்மன் கால்பந்துச் சங்கம் பின்னர் இதனை ஏற்றது. நார்வேயில் 11 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. பட்டியல் இல்லாதபோது கத்துவதற்கான காரணமும் குறைகிறது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018இல் சிறார்க்கெனக் கோல்டன் பேபி லீக் என்னும் சிற்றணி ஆட்டத் திட்டத்தைத் தொடங்கியது.

கோவளம், மாமல்லபுரம் கரைகளில் அலைச்சறுக்கில் ஈடுபடும் மீனவ இளைஞரிடையே வேறொரு பாடம் உண்டு. அலையின் உச்சிக்கு அருகில் இருப்பவருக்கே அந்த அலை என்பது அலைச்சறுக்கின் உலக வழக்கு. போட்டி நாள் தவிர மற்ற நாள்களில் அதைக் காக்க நடுவர் எவரும் கடலில் இல்லை. மீறியவர் அடுத்த அலைக்கும் அதே ஆட்களிடையேதான் காத்திருக்க வேண்டும்.

வயது என்னும் பொய்

இதுவரை கூறியவை சிறு மீறல்கள். இளையோர் கால்பந்தில் மிகப் பெரிய மீறல் ஆட்டம் தொடங்கும் முன்பே காகிதத்தில் நிகழ்ந்துவிடுகிறது. பதினாறு வயதினனைப் பதினான்கு வயதினனாகக் காட்டுவதே அது. 1960இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பை உள்ளிட்ட பள்ளிப் போட்டிகளில் வயது முறைகேட்டுக்காக அணிகள் வெளியேற்றப்பட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. இந்திய அரசு இதற்கெனவே 2010இல் தேசிய நெறித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது.

வயதுச் சான்று தமிழ்நாட்டில் எப்போதும் திடமான ஒன்றாக இருந்ததில்லை. ஐந்து வயது நிரம்பியதா என அறிய, வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொடச் சொல்லிப் பள்ளியில் சேர்த்த காலத்தை இன்றைய மூத்த பேராசிரியர் பலர் அறிவர். கை எட்டினால், தலைமையாசிரியர் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு நாளைப் பிறந்தநாளாக எழுதிக்கொள்வார். ஒரு தலைமுறையே கோடையில் பிறந்ததுபோல் சான்றிதழ்கள் காட்டுவது இதனால்தான். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் குறித்த காலத்துக்குள் பதிவதை இயல்பான முறையாக்கியதோடு, காலம் கடந்த பதிவுக்கும் வழி வைத்தது. அவ்வழி ஏழை எளியோர்க்குத் தேவையானதே. பிறந்து பல்லாண்டு கழித்துப் பெறப்படும் சான்றிதழ் முறைகேட்டுக்கும் பயன்பட்டது என்பது அதன் மறுபக்கம்.

காகிதம் நம்பிக்கை இழந்தபோது உடலையே சான்றாக்கினர். இடக்கை மணிக்கட்டின் எலும்புகளை ஊடுகதிர்ப் படமெடுத்து, வளர்ச்சிப் படிநிலைகளை ஒப்பிட்டு எலும்பு வயதைக் கணிக்கும் டானர்–வைட்ஹவுஸ் முறை இந்திய இளையோர் கால்பந்தில் பயன்படுகிறது. ஃபிஃபா 2009ஆம் ஆண்டு நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து மணிக்கட்டைக் காந்த அதிர்வுப் படமெடுத்து ஆராய்கிறது. ஆரை எலும்பின் நுனி முழுவதும் இணைந்திருந்தால், அவர் 17 வயதைக் கடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்பது இதன் அடிப்படை. காதைத் தொடச் சொன்ன தலைமையாசிரியரின் முறைக்கும் இதற்கும் அறிவியல் துல்லியத்தில் பெரும் வேறுபாடு உண்டு. ஆயினும் இரண்டிலும் சிறுவனின் சொல்லை விட்டுவிட்டு அவன் உடலைக் கேட்கின்றனர்.

எலும்பு வயது நாட்காட்டி வயதன்று. ஒரே நாளில் பிறந்த இருவரின் எலும்பு வயதில் ஓராண்டுக்கு மேலும் வேறுபாடு இருக்கலாம். ஊட்டம், நோய், பருவமடையும் காலம் ஆகிய யாவும் அதைப் பாதிக்கின்றன. இம்முறையின் அளவுகோல்கள் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் முதலிய பகுதிகளின் குழந்தைகளைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. எனவே உண்மையான வயதையே சொல்லியும், எலும்பு முந்தி முதிர்ந்த காரணத்தால் பொய்யன் ஆகும் சிறுவனுக்கு இடமுண்டு. எலும்பு பிந்தி முதிர்ந்தவனின் பொய் பிடிபடாமல் போவதற்கும் இடமுண்டு.

பொய்யைச் சொன்னவர் யார் என்பது அடுத்த வினா. பதின்மூன்று வயதினன் தானே சென்று பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதில்லை. பெற்றோர், முகவர், வெற்றி வேண்டும் நிறுவனம், கையொப்பமிடும் அலுவலர் என அச்சங்கிலி முழுவதும் பெரியோரால் ஆனது. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்கான ஒதுக்கீடும் கல்லூரிச் சேர்க்கையும் குடும்பத்தின் கண்முன் நிற்கும்போது, ஈராண்டைக் குறைப்பது அவர்களுக்குக் குற்றமாகத் தோன்றுவதில்லை. பிடிபட்டால் களத்திலிருந்து முதலில் வெளியேற்றப்படுபவன் சிறுவனே. பிடிபடாவிடில் இழப்பு வேறொருவனுடையது. உண்மையிலேயே பதின்மூன்று வயதான, தேர்வில் இடம் கிடைக்காமல் வீடு திரும்பிய சிறுவன் அவன். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது. அத்தகைய அணியினரை வரிசையாக நிறுத்தி, எதிரணியினரிடம் கைகுலுக்குமாறு சொல்லிக்கொடுப்பதில் என்ன கற்பிக்கப்படுகிறது?

பண்பு புள்ளியாகும்போது

நன்னடத்தைக்குப் புள்ளியும் பரிசும் வழங்குவது பல இளையோர் போட்டிகளில் வழக்கம். இதன் எல்லையை 2018 ஜூன் 28 அன்று ரஷ்யாவின் வோல்கோகிராது நகரில் உலகம் கண்டது. ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் கணக்கு, நேரடி ஆட்டம் ஆகிய எல்லாவற்றிலும் சமநிலையில் இருந்தன. மஞ்சள் அட்டை ஜப்பானுக்கு நான்கு, செனகலுக்கு ஆறு. நன்னடத்தை அடிப்படையில் ஜப்பான் முன்னேறும் என்ற நிலையில், போலந்திடம் 0–1 எனத் தோற்றுக்கொண்டிருந்த ஜப்பானியர், மேலும் அட்டை பெறாதிருக்க இறுதி நிமிடங்களில் கோல் நோக்கிச் செல்லாமல் பந்தைத் தமக்குள் தட்டிக்கொண்டு நின்றனர். பார்வையாளர் ஏளன ஒலி எழுப்பினர். விதிப்படி அது நன்னடத்தை. ஆட்டம் அறிந்த எவரும் அதை அப்பெயரால் அழைக்கவில்லை.

புள்ளியை யார் வழங்குவது என்பதை மாற்றிப் பார்த்த முயற்சி கொலம்பியாவில் தோன்றியது. 1994 உலகக் கோப்பையில் தன்பக்கக் கோல் அடித்த ஆந்த்ரேஸ் எஸ்கோபார் சில நாள்களில் மெடெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நகரில் இருந்த ஜெர்மானியர் யூர்கன் கிரீஸ்பெக், வன்முறை மிகுந்த பகுதி இளைஞருக்காக ஒரு முறையை வகுத்தார். ஆட்டத்துக்கு முன் இரு அணியினரும் அமர்ந்து அன்றைய விதிகளைப் பேசி முடிவு செய்வர். நடுவரின்றி ஆடுவர். ஆட்டத்துக்குப் பின் மீண்டும் அமர்ந்து, சொன்னபடி நடந்துகொண்டோமா எனப் பேசி, ஒருவர்க்கொருவர் புள்ளி வழங்குவர். முதற்கோலை ஒரு பெண்ணே அடிக்க வேண்டும் என்பது அதன் தொடக்கக் கால விதிகளுள் ஒன்று. பேச்சு, ஆட்டம், பேச்சு என மூன்று பகுதிகளைக் கொண்ட இம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. நாகபுரியில் 2001இல் விஜய் பர்சே தொடங்கிய ஸ்லம் சாக்கர் அமைப்பும் இதனைக் கையாள்கிறது.

இம்முறையின் முதற்பகுதியும் உத்தி பிரித்தலும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது நோக்கத்தக்கது. இரண்டிலும் ஆட்டத்துக்கு முன்பே நியாயம் பேசப்படுகிறது, பேசுவோர் ஆடுவோரே. கொலம்பியாவிலிருந்து வந்த முறைக்குக் கையேடு உண்டு, பயிற்சி முகாம் உண்டு. கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ உத்தி பிரித்தவர்களுக்கு அவை தேவைப்படவில்லை.

மாவட்டப் போட்டிகளில் இதைப் பின்பற்ற விதி இடந்தருமா எனக் கேட்கலாம். உலகக் கால்பந்து விதிகள் இளையோர் ஆட்டங்களுக்கெனச் சில நெகிழ்வுகளை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. களத்தின் அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம் ஆகியவற்றை மாற்றலாம். வெளியே சென்ற ஆட்டக்காரர் மீண்டும் வரலாம். மஞ்சள் அட்டைக்குரிய தவறுக்காகச் சில நிமிடம் வெளியே அமர்த்தும் தற்காலிக வெளியேற்ற முறையையும் கையாளலாம். இம்மூன்றாவது நெகிழ்வு சிறுவருக்கு மிகவும் ஏற்றது. அட்டை என்பது கணக்கில் சேரும் ஒரு குறி. வெளியே அமர்ந்திருக்கும் ஐந்து நிமிடமோ, தன்னால் தன் அணி ஓர் ஆள் குறைந்து ஆடுவதைக் காணும் நேரம். நடுவரை நீக்குவது பதினான்கு வயதுக்கு மேற்பட்ட போட்டிகளில் இயலாது. எட்டு, பத்து வயதினரின் ஆட்டத்தில் இயலும். ஆட்டத்துக்கு முன் இரு அணித்தலைவரும் நடுவருடன் ஐந்து நிமிடம் பேசுவதற்கு எந்த விதியும் தடையன்று.

செய்ய வேண்டிய களப்பணி ஒன்று எஞ்சியுள்ளது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் கால்பந்துக்கு அணி பிரிக்கும்போது இன்று என்ன முறை வழங்குகிறது, உத்தி இன்னும் உள்ளதா, ‘சாட் பூட் த்ரீ’யாக மாறிவிட்டதா, சிறுமியர் சேர்க்கப்படுகின்றனரா, கோல் ஐயத்துக்கிடமானால் யார் சொல் ஏற்கப்படுகிறது என்பவை பதிவு செய்யப்பட வேண்டும். கடல் அரிப்பால் மணற்பரப்பு குறுகிவரும் இடங்களில் இப்பணிக்குக் காலம் அதிகமில்லை. நாட்டுப்புறவியல் துறையினரும் உடற்கல்வித் துறையினரும் சேர்ந்தே இதைச் செய்ய முடியும். இவ்விரு துறை மாணவரும் ஒரே கல்லூரி வளாகத்தில் இருந்தும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவராகவே உள்ளனர்.